அவசரமும் துர்துவும்: பெங்களூர்ச் சாலைகளில் காவல் வாகனங்களின் வேகம்

தமிழில் ‘அவசரம்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உயிருக்குப் போராடும் ஒருவரை ஏற்றிச் செல்வதும் அவசர ஊர்திதான்; பேருந்தைப் பிடிப்பதற்காகச் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடுபவருக்கும் அவசரம்தான். கன்னடத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ஓடுபவருக்கு இருப்பது ‘அவசர’. ஆம்புலன்ஸ் போவது ‘துர்து’. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இரண்டு சொற்களும் பழக்கமானவை. ஓசூரிலிருந்து நாள்தோறும் அத்திப்பள்ளியைக் கடந்து வேலைக்கு வருபவர்களும் சில மாதங்களில் இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். காவல் வாகனங்கள் காரணமில்லாமல் வேகமாக ஓட்டப்படுவதைப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில்தான் நடக்கிறது.

சில்க் போர்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையிலான மேம்பாலத்தை எடுத்துக்கொள்வோம். 2010-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுடையது. சிக்னல் இல்லை, குறுக்கே நடப்பவர் இல்லை. இரவு பதினொரு மணிக்கு அதன்மேல் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரை, விளக்கு எரியாமலும் சைரன் ஒலிக்காமலும் ஒரு காவல் வாகனம் காற்றைக் கிழித்துக்கொண்டு கடந்து போகிறது என்று வையுங்கள். பார்ப்பவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் எழலாம்: எங்கோ ஏதோ நடந்துவிட்டது போலிருக்கிறது, அல்லது, இவர்களை யார் கேட்பது. இரண்டில் எது சரி என்று சாலையில் நிற்பவரால் சொல்ல முடியாது. திருடன் உள்ளே இருக்கும் வீட்டை நோக்கிப் போகும் காவலர் சைரனை நிறுத்திவிட்டுப் போவதற்குக் காரணம் இருக்கலாம். பணி முடிந்து வீடு திரும்புபவருக்கும் சைரன் தேவைப்படாது. ஆகவே வெளித்தோற்றத்தை வைத்து எந்தக் காவலரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் சாலையில் நிற்பவருக்குத் தெரியாதது வேறு எங்கும் பதிவாகவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தப் பதிவுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

காக்கிச் சீருடைக்கு வேக வரம்பு கிடையாது என்ற நம்பிக்கை பொதுமக்களிடமும் இருக்கிறது, காவலர்களிடமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. வேக வரம்பை விதிக்கும் 112-ஆம் பிரிவு, எவரும் பொது இடத்தில் வரம்பை மீறி வாகனம் ஓட்டவோ, ஓட்டச் செய்யவோ, ஓட்ட அனுமதிக்கவோ கூடாது என்கிறது. அந்தப் பிரிவுக்குள்ளேயே ஒரு விலக்கும் உண்டு; அது, அறிவிக்கப்பட்ட இடத்தில் அறிவிக்கப்பட்ட காலத்தில் போர்ப் பயிற்சியில் ஈடுபடும் இராணுவ வாகனங்களுக்கானது. காவல்துறையின் பெயர் அங்கே இல்லை. காவல் வாகனத்துக்கான சலுகை 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளிலிருந்து வருகிறது, அதுவும் நிபந்தனையோடு. கடும் அவசர நிலைக்காகச் செல்லும்போது, பலதொனி ஒலிப்பானும் பலவண்ண விளக்கும் இயங்கிக்கொண்டிருக்கும்போது, உரிய கவனத்தோடும் பொறுப்போடும், சிவப்பு சிக்னலைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், தேவைப்பட்டால் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலும் போகலாம். இந்தச் சலுகை தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் காவல் வாகனத்துக்கும் பொதுவானது. மூன்றும் ஒரே சந்திப்பில் வந்து நின்றால் முதலில் தீயணைப்பு வண்டி, அடுத்து ஆம்புலன்ஸ், அதற்குப் பிறகே காவல் வாகனம். இந்த வரிசை காவலர்கள் பலருக்கே வியப்பைத் தரக்கூடும். ஆக, சலுகை வண்டிக்கோ அதன் மீதுள்ள வண்ணத்துக்கோ உள்ளே அமர்ந்திருப்பவரின் பதவிக்கோ தரப்பட்டதன்று. வந்திருக்கும் அழைப்புக்குத் தரப்பட்டது. அழைப்பு இல்லாத நேரத்தில் அந்த வண்டி, சட்டத்தின் கண்ணில், பின்னால் வரும் ஆட்டோவைப் போன்றதுதான்.

விளக்கும் சைரனும் எப்படி அந்தஸ்தின் அடையாளமாக மாறின என்பது தனிக் கதை. சிவப்புச் சுழல் விளக்கு யார் யாருக்கு என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 டிசம்பரில் அதன் பயன்பாடு கடுமையாகக் குறைக்கப்பட்டது. 2017 மே 1 முதல் அமைச்சர்களின் கார்களிலிருந்தும் அது இறங்கியது. விளக்கு போனது, வேகமும் ஒலியும் எஸ்கார்ட் வாகனங்களில் தங்கிவிட்டன. பெங்களூரில் இதற்கென்றே ‘ஜீரோ டிராஃபிக்’ என்றொரு சொல் வழங்குகிறது: முக்கியப் பிரமுகர் வரும் வழியில் மற்ற எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டுச் சாலையைக் காலியாக வைத்திருப்பது. 2023 மே மாதம் பதவியேற்ற உடனேயே முதலமைச்சர் சித்தராமையா தமக்கு அந்த ஏற்பாடு வேண்டாம் என்று அறிவித்தார். 2025 ஜூலையில் கர்நாடகக் காவல்துறைத் தலைவர் எம்.ஏ. சலீம், பிரமுகர்களுக்குத் துணையாகச் செல்லும் வாகனங்கள் தேவையின்றி சைரன் ஒலிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று கவனத்துக்குரியது: சைரன், வருபவர் எந்த வழியாக வருகிறார் என்பதை எல்லோருக்கும் அறிவித்து, அவருடைய பாதுகாப்பையே குலைக்கிறது. திடீர் ஒலியால் மற்ற ஓட்டுநர்கள் தடுமாறுகிறார்கள் என்பது இன்னொரு காரணம். பல ஆண்டுகளாகப் பொதுமக்கள் சொல்லிவந்ததைத் துறையின் தலைவரே எழுத்தில் தந்ததால் அந்தச் சுற்றறிக்கைக்கு மதிப்பு உண்டு. எனினும் அது ஒலியைப் பற்றியது. ஒலியில்லாத வேகத்தைப் பற்றி அது பேசவில்லை.

காரணமில்லாத வேகம் எங்கிருந்து வருகிறது? ஆணவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. நான் அதை முழுவதும் ஏற்கவில்லை. வண்டி ஓட்டுபவர் பெரும்பாலும் படிநிலையின் கீழ்ப்படியில் இருக்கும் காவலர். பக்கத்திலோ பின்னாலோ அமர்ந்திருப்பவர் அவருடைய ‘சாகேப்ரு’, அதாவது மேலதிகாரி. பத்து மணிக்கு இன்ஃபன்ட்ரி ரோட்டில் உள்ள ஆணையர் அலுவலகத்தில் கூட்டம் என்றால், ஹெப்பாளில் நெரிசல் இருக்கிறது என்பது கூட்டத்துக்குத் தாமதமாக வந்த அதிகாரிக்குச் சமாதானம் ஆகாது. அந்தத் தாமதத்தின் சுமை படிப்படியாக இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையில் வந்து நிற்கிறது. ‘மெதுவாகப் போ’ என்று சொன்ன அதிகாரிகளும் இருப்பார்கள். ‘ஏன்ப்பா உருட்டுகிறாய்’ என்று கேட்டவர்களும் இருப்பார்கள். ஒருநாள் துர்து அழைப்புக்காக 110-இல் போய்ப் பழகிய கால், மறுநாள் தபால் கொண்டுபோகும்போதும் அதே ஆழத்துக்குத்தான் இறங்கும். தவறு செய்தும் எதுவும் நடக்கவில்லை என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்போது, அது தவறு என்ற நினைவே மங்கிப்போகிறது.

சட்டம் இந்தப் படிநிலையைக் கவனிக்காமல் விடவில்லை என்பதுதான் சுவையான செய்தி. வேக வரம்பு மீறலுக்குத் தண்டனை விதிக்கும் 183-ஆம் பிரிவு, ஓட்டியவரை மட்டும் குறிப்பிடவில்லை. தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒருவரை அவ்வாறு ஓட்டச் செய்தவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இலகுரக வாகனத்துக்கு 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் உரிமத்தைப் பறிமுதல் செய்யவும் வழி உண்டு. பின் இருக்கையிலிருந்து விரட்டும் அதிகாரியும் எழுத்தளவில் இந்தப் பிரிவின் கைக்கு எட்டுபவரே.

இனி வேகம் எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கு. பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்தை 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏழரை நிமிடம் ஆகும். 120-இல் கடந்தால் ஐந்து நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடம். அதைச் சில்க் போர்டு சந்திப்பு இறங்கியவுடன் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொள்ளும். மறுபக்கத்தில், 50-இல் போகும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில் நிற்பதற்குள் ஏறத்தாழ 28 மீட்டர் போய்விடும். 80-இல் போகும் கார் அதைப்போல் இரு மடங்கு தூரம் போகும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவற்றில் 71 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இறப்புகளுக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அந்தக் காரணத்தை முதல் தகவல் அறிக்கையிலிருந்து எடுத்து மேலே அனுப்புபவர்கள் காவலர்கள்தாம். வேகம் கொல்லும் என்பதை இந்த நாட்டில் வேறு எவரையும்விட அதிகமான முறை தம் கையால் எழுதியவர்கள் அவர்களே.

வேகத்தால் காவலர்களும் சாகிறார்கள் என்பதை இந்தப் பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். காவல் ஜீப்பின் உள்ளே இருப்பவர்களுக்கும் உடல் என்ற ஒன்று உண்டு. முன் இருக்கையில் தொப்பி குலையாமல் விறைப்பாக உட்காரும் பழக்கமும், பெல்ட் போடாத பழக்கமும் சேர்ந்தால் முதலில் பலியாவது அவர்களே.

கர்நாடகத்தில் வேகத்துக்கு எதிரான நடவடிக்கை அண்மை ஆண்டுகளில் கடுமையாகியிருக்கிறது. இதில் காவல்துறைக்கு உரிய பாராட்டைத் தரவேண்டும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூர்–மைசூர் விரைவு நெடுஞ்சாலையில் தொடக்க மாதங்களிலேயே உயிரிழப்புகள் பெருகியபோது, அதே ஆண்டு ஆகஸ்டில் அதில் இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் தடைசெய்யப்பட்டன. பிறகு எண் பலகையைப் படித்து வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் வந்தன. 2024 ஆகஸ்ட் 1 முதல், மாநிலத்தில் எங்கேயும் 130 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்மீது அபராதத்தோடு நிற்காமல், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவின்கீழ் வழக்கே பதியப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பெங்களூர் நகருக்குள் 2022 டிசம்பரில் தொடங்கிய கேமரா ஏற்பாடு, சந்திப்புகளில் நிற்கும் காவலரின் விருப்பு வெறுப்பை ஓரளவு விலக்கிவைத்தது. கேமரா, தொப்பியைப் பார்ப்பதில்லை. முதலமைச்சர் பயன்படுத்திய அரசுக் காரின்மீதே ஏழு விதிமீறல்கள் பதிவாகியிருந்ததும், ஆறு சீட் பெல்ட்டுக்காகவும் ஒன்று வேகத்துக்காகவும் என்று 2025 செப்டம்பரில் வெளிவந்ததும், பாதி அபராதச் சலுகைக் காலத்தில் அவை கட்டப்பட்டதும் நகரமே பேசிச் சிரித்த செய்தி. எனக்கு அதில் சிரிப்பைவிட வேறொன்று முதன்மையாகப் பட்டது. அரசு வண்டியின் எண்ணையும் இயந்திரம் மற்ற எண்களைப் போலவே படித்துப் பதிவு செய்துகொள்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

இயந்திரத்தின் சாட்சியம் ஏன் அவ்வளவு தேவை என்பதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. ‘இந்த வண்டி மிக வேகமாகப் போனது என்று எனக்குத் தோன்றியது’ என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து எவரையும் வேக மீறலுக்காகத் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்பு ஒரு கருவியின் அளவீட்டைச் சார்ந்திருக்க வேண்டும் என்று 183-ஆம் பிரிவு கூறுகிறது. நியாயமான விதி, கண்ணால் வேகத்தை அளப்பவர்கள் பெரும்பாலும் தவறாகத்தான் அளப்பார்கள். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். ஸ்பீடு கன், ரேடார், எண் பலகை படிக்கும் கேமரா எல்லாம் காவல்துறையின் கையில் இருக்கின்றன. காவல் வாகனத்தின் வேகத்துக்குப் பொதுமகன் சொல்லும் சாட்சியம் தனியாக நிற்காது. நிற்கக்கூடிய சாட்சியம் காவல்துறையின் கணினியிலேயே இருக்கிறது. கர்நாடகத்தில் அரசு வாகனங்களின் பதிவெண்ணில் ‘ஜி’ என்ற எழுத்து வருவதால், அந்தக் கணினியில் அவற்றைத் தனியே பிரித்தெடுப்பது எழுத்தர் ஒருவரின் அரை நாள் வேலை.

பிரித்தெடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வழி காட்டியது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 210பி பிரிவின்படி, இந்தச் சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரம் பெற்ற அமைப்பு தானே இந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் செய்தால், அந்தக் குற்றத்துக்குரிய தண்டத்தைப் போல் இரு மடங்குக்குப் பொறுப்பாகும். வேலியே பயிரை மேய்ந்தால் அபராதம் இரட்டிப்பு என்று நாடாளுமன்றமே எழுதிவைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிவு நடைமுறைக்கு வந்த உடனே தில்லிப் போக்குவரத்துக் காவல்துறை தன் ஊழியர்களுக்கு இதை நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆனால் பிரிவின் சொற்களை ஊன்றிப் படித்தால் ஒரு சிக்கல் தென்படும். அதில் ‘அதிகாரி’ என்று இல்லை, ‘அதிகார அமைப்பு’ என்று பொருள்படும் சொல்தான் இருக்கிறது. கேமராவின் அறிவிப்பு வண்டியின் உரிமையாளருக்குத்தான் போகும். காவல் வாகனத்தின் உரிமையாளர் துறை. துறை கட்டினால் அது கருவூலப் பணம், அதாவது வேகத்தால் ஆபத்துக்கு உள்ளான அதே பொதுமக்களின் பணம். ஓட்டியவருக்கும் ஓட்டச் சொன்னவருக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. தண்டம் உறைக்க வேண்டுமானால், அந்த நாளில் அந்த நேரத்தில் வண்டியை எடுத்துப் போனது யார், உடன் இருந்தது யார் என்பதைக் கண்டுபிடித்து அவர்கள் பெயரில் மாற்ற வேண்டும். அதற்கு அரசு வண்டிகள் எல்லாவற்றிலும் லாக் புக் என்றொரு குறிப்பேடு இருக்கிறது: புறப்பட்ட நேரம், கிலோமீட்டர், போன இடம், போன காரணம், அதிகாரியின் கையொப்பம். வழி இருக்கிறது. அந்த வழியில் நடக்க வேண்டியவர், தன் மேலதிகாரிக்கே நோட்டீஸ் எழுத வேண்டிய ஒரு துணை ஆய்வாளர் என்பதுதான் இடையூறு.

இதை வெளியிலிருந்து ஒருவர் செய்து காட்டிய வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது. 2011 அக்டோபரில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பெண் நெடுஞ்சாலைக் காவலர், மணிக்கு 120 மைல், அதாவது ஏறக்குறைய 193 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ஒரு காரைத் துரத்திப் பிடித்தார். அது மயாமி நகரக் காவல் வண்டி. உள்ளே இருந்தவர் சீருடையோடு, பணி நேரத்துக்கு வெளியே செய்யும் வேறொரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இது ஒருவரின் தவறா, பழக்கமா என்று அறிய ‘சன் சென்டினல்’ நாளிதழின் செய்தியாளர்கள் முனைந்தபோது, ரேடார் எதுவும் அவர்களிடம் இல்லை. அவர்கள் சுங்கச்சாவடிகளின் மின்னணுப் பதிவுகளைத் தகவல் உரிமையின்கீழ் கேட்டு வாங்கினார்கள். ஒரு காவல் வண்டி முதல் சாவடியைக் கடந்த நேரம், அடுத்ததைக் கடந்த நேரம், இடையிலுள்ள தூரம். வகுத்தால் சராசரி வேகம். அவ்வளவுதான் கணிதம். ஓராண்டில் ஏறத்தாழ 800 காவலர்கள் மணிக்கு 145 முதல் 209 கிலோமீட்டர் வரையான வேகத்தில் சென்றிருந்தது தெரியவந்தது. பலர் பணியில் இல்லாத நேரத்தில், வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையில். 2004 முதல் அந்த மாநிலத்தில் காவலர்களின் வேகத்தால் குறைந்தது 320 விபத்துகளும் 19 இறப்புகளும் நேர்ந்திருந்தன; சிறைக்குப் போனவர் ஒரே ஒருவர், அதுவும் 60 நாள். அந்தத் தொடருக்கு 2013-இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் விருது கிடைத்தது. அதைவிட முக்கியமாக, தாங்கள் அளக்கப்படுகிறோம் என்று தெரிந்தபின் காவலர்களின் வேகம் பெருமளவு குறைந்தது.

துரத்திப் பிடித்த அந்தப் பெண் காவலர் பட்ட பாடு இன்னொரு பாடம். அவருடைய ஓட்டுநர் உரிமத் தகவல்களை எண்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் தேவையின்றி எடுத்துப் பார்த்தார்கள். தொல்லை தரும் அழைப்புகள் வந்தன. அவர் வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. சக ஊழியரை நிறுத்திய ஒருவருக்கு அங்கேயே அந்தக் கதி என்றால், இங்கே ஒரு துணை ஆய்வாளர் தயங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த வேலையைத் தனி மனிதரின் துணிச்சலை நம்பி விடக் கூடாது என்கிறேன்.

பெங்களூரில் அந்த நாளிதழ் செய்ததைவிட நுட்பமாகச் செய்ய முடியும். அங்கே செய்தியாளர்களுக்கு வேகம் தெரிந்தது. அழைப்பு இருந்ததா என்பதை ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் அறிய முடிந்தது. இங்கே 112 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பு எந்த நொடியில் வந்தது, ஹொய்சளா எனப்படும் காவல் ரோந்து வண்டிகளில் எதற்கு அனுப்பப்பட்டது, அது எப்போது போய்ச் சேர்ந்தது என்பவை கணினியில் பதிவாகின்றன. வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறை திரையில் பார்க்கிறது. அண்மையில் இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டுமென்றால் அதைப் பார்த்தே ஆகவேண்டும். ஆக, ஒரு பதிவேட்டில் கேமரா கண்ட வேகம் இருக்கிறது. இன்னொன்றில் அந்த நேரத்தில் அந்த வண்டிக்கு அழைப்பு இருந்ததா இல்லையா என்பது இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மேம்பாலத்தில் நின்றவரால் விடை காண முடியாத கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அழைப்பு இருந்தால் காவலர்மீது எந்தப் பழியும் இல்லை. உண்மையில் அவர்மீது வீண் சந்தேகம் கொண்டவர்களுக்கு அதுவே பதில். அழைப்பு இல்லையென்றால் 183-ஆம் பிரிவும் 210பி பிரிவும் இருக்கின்றன. எல்லா வேகப் பயணங்களும் 112 வழியாக வருவதில்லை, உயரதிகாரியின் வயர்லெஸ் உத்தரவும் உண்டு, குற்றவாளியைக் கண்ணால் கண்டு துரத்துவதும் உண்டு என்ற மறுப்பு சரியானதே. அவற்றை லாக் புக்கில் ஒரு வரி எழுதச் சொல்லலாம். எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே பல பயணங்களில் கால் சற்று மேலே எழும்.

இதெல்லாம் விபத்துக்கு முந்தைய ஏற்பாடு. விபத்து நேர்ந்தபின் நிலைமை கடினமாகிறது. வழக்கைப் பதிவு செய்து விசாரிப்பது போக்குவரத்துக் காவல் நிலையம். வண்டியும் காவல் வண்டி. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ஆனால் பணியின் பெயரால் செய்த செயலுக்குக் காவலர்மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 1963-ஆம் ஆண்டின் கர்நாடகக் காவல் சட்டத்தின் 170-ஆம் பிரிவு சொல்கிறது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம், பெங்களூரிலிருந்து சென்ற ஒரு வழக்கில் இந்தப் பிரிவை விளக்கியது: செயல் வரம்பு மீறியதாக இருந்தாலும் பணியோடு நியாயமான தொடர்பு இருந்தால் அனுமதி தேவை, பணியோடு தொடர்பே இல்லையென்றால் தேவையில்லை. அந்த வழக்கு வேகத்தைப் பற்றியதன்று. எனினும் அளவுகோல் இங்கும் பொருந்தக்கூடியது. அழைப்பு இல்லாமல் 120-இல் போனது பணியா, பணிக்கு வெளியிலா என்ற கேள்வி, மறுபடியும் அதே பதிவேட்டுக்குத்தான் நம்மைக் கொண்டுபோகிறது.

இழப்பீட்டு வழக்கில் இந்தக் கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கிடைத்திருக்கிறது. 1952-இல் ராஜஸ்தானின் உதய்ப்பூரில், பட்டறையில் பழுதுபார்த்த அரசு ஜீப்பை மாவட்ட ஆட்சியரின் இல்லத்துக்குத் திரும்ப ஓட்டிவந்த ஓட்டுநர், நடந்து சென்ற ஒருவர்மீது மோதினார், அவர் இறந்தார். இறையாண்மைக்குரிய பணியில் அரசுக்குப் பொறுப்பில்லை என்று மாநிலம் வாதிட்டது. பட்டறையிலிருந்து ஜீப்பைக் கொண்டுவருவதில் என்ன இறையாண்மை இருக்கிறது என்ற நிலையில் 1962-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் மேல்முறையீட்டைத் தள்ளி, விதவையான வித்யாவதிக்கு இழப்பீடு உறுதி செய்தது. அரசு வாகனங்களுக்குக் கட்டாய மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு என்பதால், இன்றும் இப்படிப்பட்ட தொகையை நேரடியாகக் கட்டுவது பெரும்பாலும் கருவூலமே.

பெங்களூரில் வாழும் ஒருவர் இதில் உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதற்குப் பத்து ரூபாய் ஆகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், கடந்த ஓராண்டில் வேக மீறலுக்காகக் கேமராவில் பதிவான ‘ஜி’ வரிசை வாகனங்கள் எத்தனை, அவற்றில் காவல்துறையின் வண்டிகள் எத்தனை, 210பி பிரிவின்கீழ் இரட்டை அபராதம் விதிக்கப்பட்டவை எத்தனை, அந்தத் தொகையைத் துறை கட்டியதா, ஓட்டியவர் கட்டினாரா என்று கேட்கலாம். கர்நாடக விதிகளின்படி ஒரு விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றி, ஏறத்தாழ 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கேள்விகள் தாராளமாக அடங்கும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுத முடியாது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். கன்னடத்தில் எழுதுபவர், கடைசிக் கேள்வியாக, அந்த வண்டிகளில் எத்தனைக்கு அந்த நேரத்தில் அழைப்பு இருந்தது என்று கேட்கும்போது, பழக்கத்தில் ‘அவசர’ என்று எழுதிவிடாமல் ‘துர்து’ என்று எழுத வேண்டும்.